சூட்டில் மட்டும் வரும் பழுது

ஜனவரி 9

வேலைத்தளப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய மரப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு மின்சுற்று போர்டுகள், அவற்றோடு தங்கள் பழுது அறிக்கை. அதில் பழுதின் விவரம் கேட்கும் இடத்தில் "கீழே போனதும் ஊமையாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப உபயோகமான தகவல்.

இரண்டு போர்டையும் என் மேஜைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தேன். இரண்டும் நல்லபிள்ளையாக வேலை செய்கின்றன. பிராசசர் கேட்கிறது, சென்சார் பதில் சொல்கிறது, எல்லாம் ஒழுங்கு. மேஜைமேல் வராத பழுதை நான் எங்கே போய்த் தேடுவது? இந்த போர்டைப் பூட்டிய, அழுத்தம் அளக்கும் கருவியைச் சூடான ஆழ்கிணற்றுக்குள் இறக்குகிறவர் நீங்கள். அங்கே நடப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எத்தனை டிகிரியில் ஊமையானது? தெரிந்தால்தான் இங்கே சோதனை அடுப்பில் அந்தச் சூட்டில் வைத்துப் பார்க்க முடியும். ஊமையாவதற்கு முன்னால் உளறியதா, இல்லை பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றதா? மேலே இழுத்தபோது தானாகத் தெளிந்ததா?

அறிக்கைத் தாளில் இடம் போதாது என்று எனக்கும் தெரியும். தனித்தாளில் எழுதி, அடுத்த போர்டோடு பெட்டிக்குள் வையுங்கள். இது அலுவலகக் கடிதம். போர்டை வடிவமைத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன், பெண்டாட்டி என்ற முறையில் அல்ல. வீட்டு விஷயம் எதுவானாலும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம் சொல்லுங்கள். போனை அவள்தான் எடுப்பாள். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
தலைமை வடிவமைப்பாளர், மூன்றாம் மாடி


ஜனவரி 30

மூன்றாம் மாடி அடுப்புக்காரிக்கு,

நீ "தாங்கள்" என்று எழுதியதைப் படித்ததும் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. யாரும் இல்லை. இந்தத் தகரக் கொட்டகையில் நான், ஒரு மேஜை, ஒரு திரை, ஒரு மின்விசிறி. மின்விசிறியும் திரைக்குத்தான், எனக்கல்ல.

நீ கேட்டதற்குப் பதில். கருவி நூற்றைம்பது டிகிரியைத் தாண்டியதும் உளற ஆரம்பிக்கிறது. அழுத்தம் பூஜ்யம் என்கிறது, அடுத்த நொடியே மலையளவு என்கிறது. நூற்று அறுபத்தைந்தில் பேச்சு நின்றுவிடுகிறது. மேலே இழுத்துவரும்போது, நூற்று முப்பதுக்குக் கீழே வந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பேசத் தொடங்குகிறது. இரண்டு போர்டுக்கும் இதே கதைதான். இந்தப் பெட்டியில் வருகிற மூன்றாவதும் அப்படியே.

கிணற்றுச் சொந்தக்காரர்களின் ஆள் ஒருவர் எப்போதும் என் பக்கத்தில் நிற்பார். தொப்பியைக் கழற்றவே மாட்டார், அதனால் தொப்பிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "உங்க கருவி கீழ போனா மயக்கம் போடுது, மேல வந்தா எழுந்து உக்காருது. இதை நம்பி நாங்க எப்படி கிணறு ஓட்டறது?" என்கிறார். நியாயமான கேள்வி. மே மாதம் புதிதாக மூன்று கிணறு திறக்கிறார்கள். அதிலும் இப்படியென்றால் வேறு நிறுவனத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வீட்டு விஷயம் எழுதக்கூடாது என்றாய். ஒன்றே ஒன்று. என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி அலுவலகம் தாள் அனுப்பியிருக்கிறது. ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவந்து பழைய வேலையில் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் மகளிடம், நம் குட்டியிடம், சொல்லி உன்னைக் கேட்கச் சொன்னேன். "உங்க விருப்பம்தான் என் விருப்பம், எங்க இருந்தாலும் நீங்க நல்லா இருந்தா போதும்" என்று நீ சொன்னதாகச் சொன்னாள். கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீ இப்படி ஒரு வசனம் பேசி நான் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஊமைக் கருவியின் காவல்காரன்


பிப்ரவரி 16

தளப் பொறுப்பாளருக்கு,

இந்த முதல் பக்கத்தின் நகல் மேலாளருக்குப் போகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் விளக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதிய "உளறல்"தான் கைகொடுத்தது. மூன்று போர்டையும் அடுப்பில் வைத்து, ஒவ்வொரு கம்பியாக ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். பிராசசர் நன்றாக இருக்கிறது. சென்சாரும் நன்றாக இருக்கிறது. கெட்டது நடுவில் இருப்பது. பிராசசர் 1.8 வோல்ட்டில் சன்னமாகப் பேசும். சென்சார் பழைய தலைமுறை, 5 வோல்ட்டில்தான் பேசும், அதற்குக் குறைவாக எது சொன்னாலும் அதன் காதில் விழாது. இரண்டையும் நேராகக் கோத்தால் பிராசசர் கருகிவிடும். அதனால்தான் இடையில் லெவல் ஷிஃப்டர் என்ற சின்னச் சில்லு. இந்தப் பக்கம் வருவதை உயர்த்திச் சொல்லும், அந்தப் பக்கம் வருவதைத் தாழ்த்திச் சொல்லும்.

நம் சில்லுக்கு இப்போது யார் பேசுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே கம்பியில் இருவரும் மாறி மாறிப் பேசுவார்கள். யார் வாயைத் திறந்தார்கள் என்பதை அதுவாக ஊகித்துக்கொள்ள வேண்டும். தயாரித்தவர்கள் நூற்று இருபத்தைந்து டிகிரிவரைக்கும்தான் பொறுப்பு ஏற்கிறார்கள். அதற்கு மேலே போகப் போகச் சில்லுக்குள் மின்சாரம் அங்கங்கே கசிகிறது. கசிவைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு, சும்மா இருந்தவர் பேசியதாக மற்றவரிடம் சொல்லிவிடுகிறது. இன்னும் சூடேறினால் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆறியதும் தெளிந்துவிடும். மேஜைமேல் பழுது தெரியாததன் காரணம் இதுதான். இந்தச் சில்லைத் தேர்ந்தெடுத்தவர் கொள்முதல்காரர். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவள் நான்.

இரண்டாம் பக்கம் மேலாளருக்குப் போகாது.

நான் அப்படிச் சொல்லவில்லை. "போகும்போது என்னைக் கேட்டுட்டா போனாரு? இப்ப மட்டும் என்ன கேள்வி?" என்று சொன்னேன். அதை மகள் உங்களிடம் அப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம். போன மாதம் நீங்கள் போனில் "அம்மாவை தினமும் நினைச்சுக்கறேன்" என்று சொன்னதாக அவள் சொன்னாள். அது உண்மையா?

இப்படிக்கு,
மூன்றாம் மாடி


மார்ச் 4

அடுப்புக்காரிக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "உங்கம்மா போட்ட போர்டால தினமும் அவஸ்தை" என்று சொன்னேன். அவஸ்தையை எடுத்துவிட்டு, போர்டையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குட்டி உன்னிடம் சேர்த்திருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் அவள் சொன்னது பொய்யென்றும் நான் சொல்லமாட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நவம்பரில் எனக்கு விடுப்புக் கிடைத்தபோது வரலாமா என்று கேட்கச் சொன்னேன். "அம்மாவுக்கு இப்ப வேலை நெருக்கடி, அடுத்த மாசம் நிம்மதியா வாங்கன்னாங்க" என்றாள். அடுத்த மாதம் விடுப்புக் கிடைக்கவில்லை. நீ நிஜமாக என்ன சொன்னாய்? சூடாகவே சொல்லு, பரவாயில்லை. இங்கே எல்லாமே சூடுதான்.

நம் சிக்கனம் போன் செய்தார். (கொள்முதல்காரருக்கு இப்போதும் அந்தப் பெயர்தானே?) இதே வகைச் சில்லில் நூற்றைம்பது டிகிரிக்கு எழுதிக்கொடுத்த ஒன்று இருக்கிறதாம். பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒட்டிவிடலாம், போர்டை மாற்ற வேண்டியதில்லை என்கிறார். "மேடம்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நான் சொன்னா எடுபடாது" என்று மூக்கால் அழுதார். நான் சொன்னால் மட்டும் எங்கே எடுபடப்போகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கழுத்து வலி எப்படி இருக்கிறது? இதை நேராகவே கேட்கிறேன்.

காவல்காரன்


மார்ச் 23

உங்களுக்கு,

கழுத்து பரவாயில்லை. ஆசிலோஸ்கோப்பைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டேன், குனிய வேண்டியதில்லை.

சிக்கனம் சொன்ன சில்லை வாங்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல, பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதற்காக. நூற்று அறுபதிலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஊகிக்கிற குணம் போகவில்லை. பழையது எளிதில் ஏமாறும், இது கொஞ்சம் தாமதமாக ஏமாறுகிறது, அவ்வளவுதான். பிறகு சில்லே வேண்டாம், ஒற்றை டிரான்சிஸ்டரும் இரண்டு ரெசிஸ்டரும் போதும் என்று ஒரு சுற்று கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. சூட்டில் டிரான்சிஸ்டர் முழுசாக மூடிக்கொள்ள மாட்டேன் என்கிறது. அரைக்கதவு திறந்த வீடு மாதிரி, 5 வோல்ட் பக்கத்திலிருந்து 1.8 பக்கத்துக்குள் கசிகிறது. அதையும் எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. சூட்டுக்கென்றே செய்தது, பீங்கான் உடம்பு, இருநூறு டிகிரிக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். அது எதையும் ஊகிக்காது. இப்போது பேசுவது யார் என்று ஒரு தனிக் கம்பியில் பிராசசர் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னபடி செய்யும், சொல்லாவிட்டால் அசையாது. எனக்குப் பிடித்திருக்கிறது. விலையைக் கேட்டுச் சிக்கனத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கல். அந்தக் கம்பி, மேல் போர்டிலிருந்து, சென்சார் இருக்கும் மூக்குப் பகுதிக்குப் போகிற கனெக்டர் வழியாகப் போக வேண்டும். கனெக்டரில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பின் ஊசி. அதில் நீங்கள் உங்கள் சோதனை விளக்கை இணைத்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பின் வேண்டும்.

நவம்பரில் நான் சொன்னது: "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்." அதைத்தான் சொன்னேன். வர வேண்டும் என்று நீங்களாகவே தெரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன்.

மகளை உட்காரவைத்துக் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருந்தா இந்த வீடு எப்பவோ ரெண்டாயிருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனை வச்சிட்டு, எதை எடுக்கறது எதை விடறதுன்னு மாடிப்படியில உக்காந்து யோசிப்பேன். எனக்கு முடியலம்மா. இனிமே நான் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்குங்க." சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறந்துகொண்டாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வருத்தம் பாதி, வெட்கம் பாதி. இரண்டு பெரியவர்களின் சூட்டையும் அந்தக் குழந்தையின் தலையில் இறக்கியிருக்கிறோம்.

கனெக்டர் பின் விஷயத்தில் பதில் வேண்டும்.

மூன்றாம் மாடி


ஏப்ரல் 9

அன்புள்ள மூன்றாம் மாடிக்கு,

பின்னை எடுத்துக்கொள். அந்த விளக்கு எனக்குக் குலதெய்வம் மாதிரி. கருவியைக் கிணற்றில் இறக்குவதற்கு முன்னால் அது எரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும். இனிமேல் விளக்கில்லாமல் உன்னை நம்பி இறக்கப் பழகிக்கொள்கிறேன்.

குட்டி என்னிடமும் சொல்லிவிட்டாள். போன ஞாயிறு நான் வழக்கம்போல "அம்மாகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தேன். "அந்த வேலையை நான் ராஜினாமா பண்ணிட்டேன்ப்பா. என்னைப் பத்தி ஏதாவது கேளுங்க" என்றாள். கேட்டேன். கணக்கில் குறைந்திருக்கிறாள், பூப்பந்து விளையாடுகிறாள், தலைமுடியைத் தோள்வரை வெட்டிவிட்டாள். எதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியும் உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவளைப் பற்றி அல்ல.

கேட்காமல் போனேன் என்று எழுதியிருந்தாய். உன்னைத் தலைமை வடிவமைப்பாளராக ஆக்கிய வாரம் நினைவிருக்கிறதா? என் அறிக்கைகளில் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆகிவிட்டது. நடைவழியில் நம்மைப் பார்த்தால் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். புருஷனுக்கே வேலை சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கும், நான் தள்ளிப்போனால் உனக்கு நல்லது என்று நினைத்தேன். தளத்தில் ஆள் வேண்டும் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நம்பினேன். நீ இரண்டு நாள் பேசாமல் இருந்தபோது, அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு என்னை அந்தப் பழைய சில்லோடு ஒப்பிடப்போகிறாய். ஒப்பிடாதே. நான் நூற்று இருபத்தைந்துக்கு மேலேயும் தாங்குவேன்.

ஒப்பந்தத்தாள் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. இப்போது குட்டி வழியாக இல்லாமல் நேராகக் கேட்கிறேன். கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?

காவல்காரன்


மே 6

என்னங்க,

புதிய போர்டுகள் ஆறு இந்தப் பெட்டியில் வருகின்றன. முதலில் இவற்றைப் பற்றி.

பழைய ஈயம் இந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் உயர்சூட்டு சால்டர் போட்டிருக்கிறேன். போர்டையும் பழைய பச்சை வகையில் செய்யவில்லை, இது பழுப்பு நிறத்தில் இருக்கும், கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமான ஒன்று: மின்சாரம் கொடுக்கும்போது முதலில் 1.8 பக்கம், பிறகுதான் 5 பக்கம். மாற்றிக் கொடுத்தால், யார் பேசுவது என்று சொல்லும் தனிக் கம்பிக்கு ஆணை வருவதற்குள் சென்சார் கத்த ஆரம்பித்துவிடும். நான் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன், ஆனால் நீங்கள் அவசரத்தில் கனெக்டரை மின்சாரத்தோடு பிடுங்குகிற ஆள் என்று எனக்குத் தெரியும். பிடுங்காதீர்கள். ஆறும் நூற்று எழுபத்தைந்தில் ஒரு முழு ஷிப்ட் ஓடின. ஒரு எழுத்து தவறவில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எனக்குச் சங்கடமே இல்லை. உங்கள் அறிக்கைகளைத் திருத்துவதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. "பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதுவீர்கள், நான் அதற்குக் கீழே ஒரு பக்கம் கேள்வி எழுதுவேன். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துச் சண்டை போடுவோம். அந்தச் சண்டை போனதுதான் எனக்கு வருத்தம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தது கோபத்தில். வாயைத் திறந்து கோபம் என்று சொல்லாதது என் பங்கு.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டதற்கு நன்றி, நிஜமாகவே. ஆனால் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. வாருங்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தால், வந்த பிறகு மறுபடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருப்போமோ என்று பயமாக இருக்கிறது. வராதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. தெரிந்தால் நேராகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன். இந்த போர்டுகள் சரியாக ஓடினால் பழுது இருக்காது. பழுது இல்லாவிட்டால் அங்கிருந்து பெட்டி கிளம்பாது. நான் பாடுபட்டு நம் தபாலை நிறுத்தியிருக்கிறேன். வேலை என்றால் அப்படித்தான்.

மூன்றாம் மாடி


ஜூன் 5

அடுப்புக்காரிக்கு,

மூன்று கிணறும் நல்லபடியாக முடிந்த செய்தியை அலுவலக மெயிலில் பார்த்திருப்பாய். தொப்பிக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உள்ளே முழு வழுக்கை. "யாருங்க இதைச் செஞ்சது?" என்றார். "என் வீட்டுக்காரம்மா" என்றேன். நம்பவில்லை. போகட்டும்.

நான்காவது கிணற்றில் ஒரு போர்டு பழுதாகிவிட்டது. அதைத்தான் இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நூற்றைம்பதைத் தாண்டியதும் உளறியது, நூற்று அறுபத்தைந்தில் ஊமையானது, மேலே வரும்போது நூற்று முப்பதில் தெளிந்தது. அறிக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். நீ ஒருமுறை நன்றாகப் பார்த்துச் சொன்னால் தேவலை.

குட்டி பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் தேறிவிட்டாளாம். போனில் அவளே சொன்னாள். நீ பக்கத்து அறையில் நடமாடும் சத்தம் கேட்டது. செருப்பு சத்தம். உன்னுடையதுதான் என்று தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை, அவளிடம் இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

தாள் மேஜைமேல்தான் இருக்கிறது. மாத முடிவில் தாளை வாங்க அலுவலக வண்டி வரும்போது இரண்டில் ஒன்று சொல்லியாக வேண்டும். உனக்குப் பதில் தெரியவில்லை என்றாய். அவசரம் இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் அவசரம்தான்.

காவல்காரன்


ஜூன் 14

என்னங்க,

போர்டில் பழுது இல்லை.

மேஜைமேல் ஓடியது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் வைத்தேன். நூற்று அறுபத்தைந்தில் ஓடியது, நூற்று எழுபத்தைந்தில் ஒரு முழு ஷிப்ட் ஓடியது. கதவைத் திறந்து சட்டென்று ஆறவிட்டு மறுபடி சூடேற்றினேன், அப்போதும் ஓடியது. கடைசியில் பிடிவாதம் வந்து நூற்றுத் தொண்ணூறுவரை ஏற்றினேன். அடுப்பின் ரப்பர்தான் நாறியது. போர்டு ஒன்றுமே நடக்காததுபோல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் அறிக்கையை எடுத்து ஜனவரிக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன். நூற்றைம்பதில் உளறல், நூற்று அறுபத்தைந்தில் ஊமை, நூற்று முப்பதில் தெளிவு. ஒரு டிகிரி மாறவில்லை. அது பழைய சில்லின் வியாதி. ஊகிக்கிற சில்லுக்குத்தான் அது வரும். இதில் ஊகமே கிடையாது, யார் பேசுவது என்று கம்பியில் சொல்லியாகிவிட்டது. இது கெட்டால் வேறு மாதிரி கெடும், கெட்டால் தெளியாது. பதினைந்து வருஷம் போர்டோடு இருந்தவருக்கு இது தெரியாதா? பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் பழைய அறிக்கையைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே நீங்கள் கிளப்பிவிட்ட கலவரம் கொஞ்சமல்ல. "நான் அப்பவே சொன்னேன், இவ்வளவு விலை கொடுத்தும் இதே கதைதான்" என்று சிக்கனம் மாடி மாடியாகப் போய்ச் சொன்னார். மேலாளர் அடுத்த தொகுதிக்கான ஆர்டரை நிறுத்திவைக்கச் சொன்னார். ஒரு நல்ல சில்லுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கப் பார்த்தீர்கள். அது எனக்குக் கோபம். வாயைத் திறந்து சொல்கிறேன்: கோபம். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள்.

மேலாளர் அறையில் சோதனை முடிவை வைத்தேன். பழுது எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பழுதில்லன்னா பின்ன எதுக்கும்மா அனுப்பினாரு?" என்று கேட்டார். தளத்தில் இணைப்புத் தளர்ந்திருக்கலாம் என்று சொல்லி உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இருப்பதை வேறு மாதிரிச் சொல்லிச் சமாளிக்கிற வேலையை நம் வீட்டில் ஒரு குழந்தை இப்போதுதான் ராஜினாமா செய்திருக்கிறது. "பெட்டியில அவர் கடிதமும் இருந்தது சார். கடிதம் அனுப்பத்தான் போர்டை அனுப்பியிருக்காரு" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, "அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும், அதை நீங்க டைப் பண்ண வேணாம்" என்றார். அது உங்களுக்குத் தனியாக வரும். வாங்கிக்கொள்ளுங்கள், நியாயமானதுதான்.

மேலாளர் அறையிலிருந்து என் மேஜைக்கு நடந்து வரும்போது எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பெட்டி வராது என்று நான் எழுதினேன், அதற்காக நல்ல போர்டைப் பழுது என்று சொல்லிப் பெட்டியை அனுப்பியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் இது குற்றம். வீட்டில் எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

கையெழுத்துப் போடாதீர்கள். வாருங்கள். இதை மகள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நீங்கள் எனக்குப் பக்கத்தில் வேண்டும். வந்தால் சண்டை வரும், வரட்டும், சத்தமாகவே போடுவோம். உங்கள் அறிக்கைகளில் நான்தான் கையெழுத்துப் போடுவேன், அதில் மாற்றம் இல்லை. நடைவழியில் பேச்சை நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும்.

போர்டைத் திருப்பி வைத்திருக்கிறேன். நல்ல போர்டு, தைரியமாகக் கிணற்றில் இறக்குங்கள்.

உங்கள்
அடுப்புக்காரி

பின்குறிப்பு: இந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பூப்பந்துப் போட்டி, சாயங்காலம்வரை மைதானத்தில் இருப்பாள். நீங்கள் போன் செய்தால் நான்தான் எடுப்பேன்.